தூய மாதிரி

ஓய்வூதியப் படிவத்தில் ஒரு கட்டம்:
பணிக்காலத்தில் செய்தவை, சுருக்கமாக.
முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு
மூன்று வரி இடம் விட்டிருக்கிறார்கள்.

எழுதலாம்: கோதுமை, பார்லி, பட்டாணி, ஆளி,
இரண்டாயிரத்து நூற்றுப் பதினொரு விதைப் பொட்டலங்கள்.
எழுதலாம்: மின்சாரம் இல்லாத குளிர்காலங்களில்
திபிலீசியின் குளிர்பெட்டிகள் செத்துக் கிடந்தபோது
ஜாடிகளை வீட்டுப் பால்கனியில் அடுக்கி
உறைபனியிடம் வேலை வாங்கினேன் என்று.
விடியலில் ரொட்டிக்கு நின்ற வரிசையில்
பின்னால் நின்றவருக்குத் தெரியாது,
என் பால்கனியில் பதினோரு கிலோ கோதுமை இருந்தது.
என் மகன் தெங்கிஸுக்குத் தெரியும்.
அவன் எதுவும் கேட்டதில்லை.
ஒருமுறை மட்டும் ஒரு மூடியைத் திறந்து
முகர்ந்துவிட்டு, திருகி மூடினான்.
இதை எந்தக் கட்டத்தில் போடுவது?

போகட்டும். நானூற்றுப் பதினேழைப் பற்றிச் சொல்கிறேன்.

எழுபத்து நான்கு, ஆகஸ்ட், ஸ்வானேத்தி.
லாரியில் வந்த புழுதி இமையில் ஒட்டியிருக்க
மக்வாலா என்பவளின் தானியப் பெட்டி முன் நின்றேன்.
இரண்டு கையும் சேர்த்து அள்ளித் தந்தாள்.
கோதுமை. ஊடே ஊடே
ஒல்லியாக, சாம்பல் பச்சையில், ரை.
"களை கலந்திருக்கிறதே" என்றேன்.
எனக்கு இருபத்தாறு வயது.
அவள் என்னைப் பார்த்தாள்; பிறகு
ஆகஸ்டிலும் வெள்ளை கலையாத மலையைப் பார்த்தாள்.
ஸ்வான் மொழியில் ஏதோ சொன்னாள்.
ஓட்டுநர் சிரித்தார், மொழிபெயர்க்கவில்லை.
நானும் கேட்கவில்லை.

அன்றிரவு விடுதியில், மண்ணெண்ணெய் விளக்கடியில்,
இடுக்கியால் ரையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி
சன்னலுக்கு வெளியே வீசினேன்.
அட்டையில் என் மிக நல்ல கையெழுத்து:
கோதுமை. தூய மாதிரி.

ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதை எழுப்பிப் பார்ப்பேன்.
ஈரத் தாளில் நூறு மணி, எட்டு நாள்.
உயிரோடு இருக்கிறாயா என்று கேட்பதற்கே
நூறைச் செலவழிக்கிற தொழில் இது.
முளைத்தவையும் குப்பைக்குத்தான்.
தொண்ணூற்றாறு. தொண்ணூற்று மூன்று. எண்பத்தெட்டு.
நல்ல எண்கள். நிம்மதியாகத் தூங்கினேன்.

இரண்டாயிரத்து ஒன்பதில் அல்மாஸ்கான் வந்தார்,
மக்வாலாவின் மகன், தொப்பியைக் கையில் பிடித்தபடி.
பெட்டி எப்போதோ காலியாகிவிட்டது, விதை வேண்டும்.
கொடுத்தேன். பெருமையாக இருந்தது, மறைக்கவில்லை.
மறு ஆண்டு ஜூனில் பனி விழுந்தது.
அவர் அனுப்பிய புகைப்படத்தில்
வயல் முழுக்கப் படுத்துக் கிடந்தது,
தூய்மையாக.

தொலைபேசியில் அவர் குரலில் கோபம் இல்லை.
"நல்ல வருஷம் என்றால் கோதுமை சாப்பிடுவோம்.
கெட்ட வருஷம் என்றால் ரை.
இரண்டையும் சேர்த்துத்தான் அம்மா விதைப்பாள்.
நீங்கள் வந்த அன்று நானும் கதவருகே நின்றிருந்தேன்.
எந்த வருஷம் வரப்போகிறதென்று
இந்தப் பெண்ணுக்கு இப்போதே தெரிந்திருக்கிறது,
என்று அம்மா சொன்னாள்."

வெகுநேரம் கம்பியில் இரைச்சல் மட்டும்.

பிறகு, தயங்கித் தயங்கி, கேட்டார்:
"ரை எங்கேயாவது வாங்கிக்கொள்வேன்.
எத்தனைக்கு எத்தனை கலப்பது?
உங்களிடம் எழுதி வைத்திருப்பீர்களே."

கல்பாட்டோனோ லாமாரா, படிவம் முடிந்ததா
என்று மேசைக்கு அப்பால் அந்தப் பெண் கேட்கிறாள்.
கோதுமை, பார்லி, பட்டாணி, ஆளி என்று எழுதுகிறேன்.
இடம் மிச்சமிருக்கிறது.

எல்லாவற்றையும் எண்ணியவள் நான்.
வேர்முனைகளை, உமியின் நரம்புகளை,
இருட்டில் ஜாடிகளை, தெங்கிஸின் காய்ச்சலிலும் ஜாடிகளை.
அன்றிரவு சன்னலுக்கு வெளியே வீசியதை
எண்ணவில்லை.